ஆராய்ச்சிக்கு நிரல் எழுதும் தொழில்: சேலத்து மாணவர்களுக்கு ஓர் அறிமுகம்

சேலத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் பிள்ளைகளிடம் அடுத்து என்ன என்று கேட்டால் பெங்களூரு, சென்னை, கோவை என்று ஊர்ப் பெயர்தான் பதிலாக வரும். எந்த ஊராக இருந்தாலும் வேலை ஒன்றுதான், ஏதோ ஓர் ஐ.டி. நிறுவனம். அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் இதே படிப்பை வைத்துக்கொண்டு போகக்கூடிய இன்னொரு வழியும் இருக்கிறது, அதைப் பற்றி நம் கல்லூரிகளில் பேச்சே எழுவதில்லை. பயிர் நோயை ஆராய்பவர், பாறையை ஆராய்பவர், கல்வெட்டு படிப்பவர், நோயாளிகளின் பதிவேடுகளை அலசுபவர் என்று யாரை எடுத்தாலும் இன்று கணினி இல்லாமல் அவர்களுக்கு வேலை நகராது. அந்தக் கணினி வேலையை அவர்களோடு கூட உட்கார்ந்து செய்வதையே முழுநேரத் தொழிலாகக் கொண்டவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். அந்தத் தொழிலைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

இவர்களுக்கு ரிசர்ச் சாஃப்ட்வேர் இன்ஜினியர் என்று பெயர். தமிழில் ஆய்வு மென்பொருள் பொறியாளர் என்று வைத்துக்கொள்ளலாம். வேலை பல ஆண்டுகளாகவே நடந்துவந்ததுதான், அதற்கென்று ஒரு பெயர் வந்தது 2012 மார்ச்சில், இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டில் நடந்த ஒரு பயிலரங்கில். அதே ஆண்டு லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் இதற்கென்றே ஒரு குழுவை அமைத்தது. 2014இல் பிரிட்டனின் 15 பல்கலைக்கழகங்களில் ஆய்வாளர்களிடம் கருத்துக் கேட்டபோது, 92 விழுக்காட்டினர் ஆய்வுக்கென்று மென்பொருள் பயன்படுத்துவதாகச் சொன்னார்கள். அது இல்லாவிட்டால் தங்கள் ஆய்வையே நடத்த முடியாது என்றவர்கள் 69 விழுக்காடு. பாதிக்கு மேற்பட்டோர் நிரலைத் தாங்களே எழுதிக்கொள்கிறார்கள், அவர்களில் ஐந்தில் ஒருவருக்கு நிரல் எழுதுவதில் எந்தப் பயிற்சியும் கிடையாது. இந்தக் கடைசி விவரத்தில்தான் இந்தத் தொழிலுக்கான தேவை அடங்கியிருக்கிறது.

ஐ.டி. நிறுவனத்து வேலைக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை முதலில் பார்த்துவிடுவோம். நிறுவனத்தில் வாடிக்கையாளருக்கு என்ன வேண்டும் என்பது ஓரளவு தெரிந்திருக்கும். ஒரு கடைக்குப் பில் போடும் மென்பொருள் எழுதினால், மொத்தம் எவ்வளவு வர வேண்டும் என்பதைக் கையால் கூட்டிச் சரிபார்த்துவிடலாம். ஆராய்ச்சியில் விடை யாருக்கும் தெரியாது, தெரிந்திருந்தால் ஆராய்ச்சியே வேண்டியதில்லை. நீங்கள் எழுதிய நிரல் ஓர் எண்ணைக் கொடுக்கும். அது இயற்கை சொன்ன விடையா, உங்கள் நிரலில் உள்ள பிழையா என்று பிரித்தறியும் பொறுப்பு உங்களுடையது. இந்தத் தொழிலின் கஷ்டமும் ருசியும் இந்த இடத்தில்தான் இருக்கின்றன.

குச்சிக்கிழங்கு வயலில் கணினிக்கு என்ன வேலை?

ஒரு கற்பனை ஆய்வை எடுத்துக்கொள்வோம். ஆய்வுதான் கற்பனை, ஊரும் பயிரும் நோயும் நிஜம். ஆத்தூர், தலைவாசல், கெங்கவல்லி, வாழப்பாடிப் பக்கமெல்லாம் மரவள்ளி உண்டு. நாம் குச்சிக்கிழங்கு என்போம். அதை நம்பித்தான் ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைகள் ஓடுகின்றன, அந்த ஆலைகளுக்காகத்தான் 1981இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் உருவானது. இந்தப் பயிருக்கென்றே ஏத்தாப்பூரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மரவள்ளியின் பெரிய எதிரி தேமல் நோய். அது வைரஸால் வருவது. வெள்ளை ஈ ஒரு செடியிலிருந்து இன்னொரு செடிக்குக் கொண்டுபோகும், நோயுள்ள செடியிலிருந்து வெட்டிய கரணையை நட்டாலும் கூடவே வந்துவிடும். கிழங்கில் எவ்வளவு மாவு இருக்கிறது என்று பார்த்துப் பாயிண்ட் கணக்கில்தான் ஆலைக்காரர் விலை போடுகிறார். ஆகவே ஒரு பேராசிரியர் கேட்கிறார்: தேமல் கூடினால் பாயிண்ட் எவ்வளவு குறைகிறது? சமவெளி வயலுக்கும் சேர்வராயன் மலையடிவாரத்து வயலுக்கும் இதில் வேறுபாடு உண்டா?

மூன்று மாணவர்கள் சில நூறு வயல்களுக்குப் போய்விட்டு மூன்று எக்செல் கோப்புகளோடு திரும்புகிறார்கள். கணினிக்காரரின் வேலை இங்கே தொடங்குகிறது.

முதல் சிக்கல் ஊர்ப் பெயர். ஒருவர் கெங்கவல்லி என்று எழுதியிருக்கிறார், மற்றவர் கங்கவல்லி என்கிறார். பெத்தநாயக்கன்பாளையம் ஒரு கோப்பில் பெ.நா.பாளையம், இன்னொன்றில் பி.என்.பாளையம். நமக்கு ஒரே ஊராகத் தெரிவது கணினிக்கு வேறு வேறு ஊர். ஒவ்வொன்றாகத் திருத்திவிட்டால் போயிற்று என்று தோன்றும். அப்படிச் செய்யக் கூடாது. வயலிலிருந்து வந்த மூலக் கோப்பில் யாரும் கைவைக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலின் முதல் விதி. எந்தப் பெயர் எந்த ஊரைக் குறிக்கிறது என்று தனியாக ஓர் அட்டவணை போட்டு, நிரல் அதைப் பார்த்து மாற்றும்படி எழுத வேண்டும். நாளைக்கு யாராவது வந்து, இந்த இரண்டு ஊரும் ஒன்றே என்று எதை வைத்து முடிவு செய்தீர்கள் என்று கேட்டால் அட்டவணையைக் காட்டலாம். எக்செல் கோப்பில் மாற்றி எழுதிச் சேமித்துவிட்டால் அந்த முடிவு எடுத்ததற்கே சுவடு இருக்காது.

அடுத்தது அளவு. ஒருவர் ஏக்கரில், ஒருவர் சென்ட்டில், விஞ்ஞானப் பழக்கத்தில் ஒருவர் ஹெக்டேரில். தேதியும் இப்படித்தான். 5/6 என்று இருந்தால் மே மாதம் 6ஆம் தேதியா, ஜூன் மாதம் 5ஆம் தேதியா? பயிரின் வயதை வைத்துத்தான் பாயிண்டை ஒப்பிட முடியும், ஆகவே ஒரு மாதம் தவறினால் ஒப்பீடே தவறிவிடும். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 2024-06-05 என்று எழுதினால் இந்தக் குழப்பம் வராது. பிறகு ஜி.பி.எஸ். ஏற்காடு ஏறத்தாழ 11.8 பாகை வடக்கு, 78.2 பாகை கிழக்கு. கோப்பில் இரண்டு எண்ணும் இடம் மாறிவிட்டால் அந்த வயல் ஆர்க்டிக் பகுதியில், ஸ்வால்பார்டு தீவுகளின் மேற்குக் கரையோரம் போய் நிற்கும். நல்ல வேளையாக இந்தப் பிழை வரைபடத்தில் ஒரு புள்ளி வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். அதனால்தான் கணக்குப் போடும் முன் எல்லாவற்றையும் படமாக வரைந்து பார் என்று இத்தொழிலில் பழகியவர்கள் சொல்கிறார்கள்.

கண்ணுக்குத் தெரியாத பிழைதான் ஆபத்தானது. தேமலின் தீவிரத்துக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுவது உலக வழக்கம். 1 என்றால் அறிகுறியே இல்லை, 5 என்றால் இலை சுருங்கி உருக்குலைந்துவிட்டது. மூவரில் ஒருவர் 0 முதல் 4 வரை போட்டிருக்கிறார் என்று வையுங்கள். மூன்று கோப்பையும் ஒட்டிவிட்டால் அவர் போன ஊர்களில் எல்லாம் நோய் ஒரு படி குறைவாகத் தெரியும். படத்தில் அது பிழை போலவே தோன்றாது, அந்தப் பக்கத்து மண்ணின் குணம் போலத் தோன்றும்.

இதையும்விட நுட்பமானது காலிக் கட்டம். மழையால் பார்க்க முடியாத வயலுக்கு மாணவர் கட்டத்தைக் காலியாக விட்டிருப்பார். பார்த்து, வெள்ளை ஈ ஒன்றுகூட இல்லாத வயலுக்கு 0 போட்டிருப்பார். முன்னது தெரியவில்லை என்பது, பின்னது இல்லை என்பது. இரண்டும் முற்றிலும் வேறு செய்திகள். கவனமில்லாமல் எழுதிய நிரல் காலியை 0 என்று எடுத்துக்கொண்டால், மழை பெய்த ஊர்களில் எல்லாம் வெள்ளை ஈ இல்லை என்று ஆகிவிடும். அதிலிருந்து மழை வெள்ளை ஈயை ஒழிக்கிறது என்று ஒரு முடிவு பிறந்து, கட்டுரையாகி, விவசாயிக்கு யோசனையாகவும் போய்ச் சேரும். பேராசிரியர் மேல் தப்பில்லை, மாணவர் மேலும் தப்பில்லை. நிரலில் ஒரே ஒரு வரி. கணினிக்காரரை ஆராய்ச்சிக்கு வெளியே நிற்கும் உதவியாளராக எண்ணுவது ஏன் தவறு என்பதை விளக்க எனக்கு இந்தக் காலிக் கட்டமே போதும்.

சரி, விடை தெரியாத கணக்குக்கு எழுதிய நிரலை எப்படிச் சரிபார்ப்பது? விடை தெரிந்த பொய்த் தரவை நாமே செய்துகொள்ள வேண்டும். தேமல் ஒரு படி கூடினால் பாயிண்ட் இரண்டு குறையும் என்று வைத்துக்கொண்டு, கொஞ்சம் ஏற்ற இறக்கம் சேர்த்து, கற்பனை வயல்கள் ஐந்நூறு உருவாக்குங்கள். அதை நிரலுக்குக் கொடுங்கள். ஏறத்தாழ இரண்டு என்று விடை வந்தால் நிரலை நம்பத் தொடங்கலாம். ஏழு என்று வந்தால் உண்மையான வயல் தரவு பக்கமே போகக் கூடாது. இந்த ஒரு பழக்கம் உங்களிடம் இருந்தால் எந்த ஆய்வுக்கூடமும் உங்களைக் கூப்பிட்டுக்கொள்ளும்.

இப்போது பேராசிரியர் இன்னொன்று கேட்கிறார். செல்போனில் இலையைப் படம் எடுத்தால் தேமல் உண்டா இல்லையா என்று கணினியே சொல்லுமா? சொல்லும். உகாண்டாவின் மேகரேரே பல்கலைக்கழகம் மரவள்ளி இலைப் படங்கள் இருபதாயிரத்துக்கும் மேல் திரட்டி, நோய்ப் பெயர் குறித்துப் பொதுவில் வைத்திருக்கிறது. அதை வைத்தே கணினியைப் பழக்கிவிடலாம் என்று ஆசை வரும். ஆனால் ஆப்பிரிக்காவில் தேமல் உண்டாக்கும் வைரஸ்கள் வேறு, இங்கே உள்ள இந்திய, இலங்கை வகை வைரஸ்கள் வேறு. அங்கே உள்ள மரவள்ளி ரகங்களும் நம் முள்ளுவாடியும் எச்-226உம் ஒன்றல்ல. ஆகவே நம் வயல்களிலும் படம் எடுத்தாக வேண்டும். அப்படி எடுக்கும்போது ஒரே செடியைப் பத்துக் கோணத்தில் எடுத்து, ஏழு படத்தைப் பழக்குவதற்கும் மூன்று படத்தைச் சோதிப்பதற்கும் வைத்தால், 99 விழுக்காடு சரி என்று கணினி பெருமையாகச் சொல்லும். அது கண்டறிந்தது நோயை அல்ல, ஏற்கெனவே பார்த்த செடியை. பழக்கிய வயலும் சோதிக்கும் வயலும் வேறு வேறாக இருக்க வேண்டும். இந்தத் தவறு உலகின் பெரிய ஆய்வுக்கூடங்களிலும் நடக்கிறது. பாடப் புத்தகத்தில் இதைப் படித்திருப்போம், வயலில் படம் எடுக்க நாமும் கூடப் போனால்தான் அது உறைக்கும்.

துறையைத் தெரிந்துகொள்ளாமல் இந்த வேலை செய்ய முடியாது என்பதற்கு ஏற்காட்டிலேயே இன்னொரு சான்று உண்டு. ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் சென்டினல்-2 செயற்கைக்கோள் 2015இலிருந்து பூமியைப் படம் எடுத்துவருகிறது. படத்தின் ஒரு புள்ளி தரையில் பத்து மீட்டர், யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். சேர்வராயன் மலைக் காப்பித் தோட்டங்களின் பரப்பை இதை வைத்து அளக்கலாமே என்று கணினி மட்டும் படித்தவர் நினைப்பார். தோட்டத்துக்குள் ஒரு முறை நடந்தவருக்குத் தெரியும், காப்பிச் செடி சில்வர் ஓக் நிழலில் வளர்கிறது. மேலிருந்து பார்க்கும் செயற்கைக்கோளுக்குத் தெரிவது சில்வர் ஓக்கின் தலை, அதன் கீழே இருக்கும் காப்பி அல்ல.

ஓராண்டு கழித்து வரும் கேள்வி

ஆய்வுக் கட்டுரையை ஓர் இதழுக்கு அனுப்புகிறார்கள். பல மாதம் கழித்து மதிப்பீட்டாளரிடமிருந்து ஒரு கடிதம் வருகிறது: முள்ளுவாடி ரகத்தை விட்டுவிட்டு மற்ற வயல்களுக்கு மட்டும் கணக்கைத் திரும்பப் போட்டுக் காட்டுங்கள். எக்செலில் கையால் செய்திருந்தால் எந்தக் கட்டத்தை எப்போது மாற்றினோம் என்பது யாருக்கும் நினைவிருக்காது. அந்த மாணவர் படிப்பு முடித்து வேறு ஊருக்கே போயிருப்பார். மூலத் தரவிலிருந்து கடைசிப் படம் வரை எல்லாப் படியும் நிரலாக இருந்தால் ஒரு வரி மாற்றினால் போதும், தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் விடை தயார்.

இதற்குத்தான் கிட் என்ற கருவி. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் உருவாக்கியது. யார், எப்போது, எந்த வரியை, ஏன் மாற்றினார் என்ற வரலாற்றை அது அப்படியே வைத்திருக்கும். கூடவே நிரல் ஓடிய சூழலையும் குறித்துவைக்க வேண்டும், பைத்தான் என்ற நிரல் மொழியின் எந்தப் பதிப்பு, எந்தெந்தத் தொகுப்புகளின் எந்தப் பதிப்பு என்று. பைத்தான் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1ஆம் தேதியோடு நின்றுபோனது, அதில் எழுதிய பழைய ஆய்வு நிரல்கள் பல இன்றைய கணினியில் அப்படியே ஓடுவதில்லை.

இவ்வளவு எச்சரிக்கை தேவையா என்று கேட்பவர்களுக்கு மூன்று சம்பவங்களைச் சொல்கிறேன். மூன்றிலும் எக்செல் இருக்கிறது. மரபணு ஒன்றுக்கு மார்ச்1 என்றும் இன்னொன்றுக்கு செப்ட்2 என்றும் பெயர் இருந்தது. எக்செல் அவற்றைத் தேதி என்று எண்ணித் தானாகவே மாற்றிவிட்டது. எக்செல் மரபணுப் பட்டியலை இணைத்திருந்த ஆய்வுக் கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருப்பதாக 2016இல் ஓர் ஆய்வு காட்டியது. கடைசியில் 2020இல் மரபணுக்களின் பெயரையே மாற்ற வேண்டியதாயிற்று. இரண்டாவது, நாட்டின் கடன் கூடினால் வளர்ச்சி குறையும் என்று 2010இல் பொருளியலாளர்கள் இருவர் எழுதிய கட்டுரை. பல அரசுகளின் சிக்கன நடவடிக்கைகளுக்கு அது சான்றாகக் காட்டப்பட்டது. 2013இல் தாமஸ் ஹெர்ண்டன் என்ற மாணவர் அந்த எக்செல் கோப்பைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். ஐந்து நாடுகளின் வரிசை சராசரிக் கணக்கில் சேரவே இல்லை. எடை போட்ட விதத்திலும் சில ஆண்டுகளின் தரவை விட்ட விதத்திலும் வேறு சிக்கல்கள் இருந்தன. எல்லாம் சேர்த்துத் திருத்தியபோது, கடன் மிகுந்த நாடுகளின் சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 விழுக்காட்டிலிருந்து 2.2 விழுக்காடாக மாறியது. மூன்றாவது, 2020 அக்டோபரில் இங்கிலாந்தில் 15,841 கோவிட் தொற்றுகள் அன்றாடக் கணக்கிலிருந்து விடுபட்டது தெரியவந்தது. பழைய எக்செல் வடிவத்தில் 65,536 வரிசைக்கு மேல் இடமில்லை என்பதே காரணம்.

தமிழ் படித்தவரோடும் வேலை உண்டு

இந்தத் தொழில் அறிவியல் துறைகளோடு நின்றுவிடுவதில்லை. தமிழில் இதற்கு நல்ல முன்னோடி இருக்கிறது. ஐராவதம் மகாதேவன் சிந்துவெளி எழுத்துகளின் தொடரடைவை 1977இல் வெளியிட்டார். 417 குறியீடுகள், அவை எந்த முத்திரையில், எந்த இடத்தில், எதற்குப் பக்கத்தில் வருகின்றன என்ற முழு அட்டவணையும் கணினி கொண்டு தொகுக்கப்பட்டது. கணினி ஓர் அறையையே அடைத்துக்கொண்டிருந்த காலத்தில், நிரல் தெரிந்தவர்கள் ஒரு கல்வெட்டறிஞரோடு உட்கார்ந்து செய்த வேலை அது. சிந்துவெளி எழுத்தை ஆராய்பவர்கள் இன்றும் அதைப் புரட்டாமல் இருப்பதில்லை.

இன்று ஆறகழூர்க் காமநாதீசுவரர் கோயில் கல்வெட்டுகளையோ நம் மாவட்டத்து நடுகற்களையோ ஒருவர் தேடத்தக்க தரவுத்தளமாக்க விரும்பினால் என்ன இடறும் என்று பாருங்கள். கொல்லிமலை என்ற சொல்லில் கொ என்ற எழுத்தை, கணினிகள் எழுத்துகளைச் சேமிக்கும் பொதுமுறையான யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றாகவும் சேரலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் சேரலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. எல்லாவற்றையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவர யூனிகோடிலேயே விதி இருக்கிறது, நிரலில் ஒரு வரி சேர்த்தால் போதும். ஔவை என்பதை ஒகரமும் ளகரமுமாகத் தட்டியிருந்தாலோ அந்த விதி உதவாது, அதற்குத் தமிழ் தெரிந்த ஒருவர் தனி விதி எழுத வேண்டும். இதோடு பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சான ஆவணங்கள் வேறு. தமிழக அரசு 2010இல்தான் யூனிகோடையும் டேஸ்-16 என்ற தமிழ் எழுத்துக் குறியீட்டு முறையையும் தரமாக ஏற்றது, அதற்கு முன் வந்த எத்தனையோ கோப்புகளிலிருந்து நகலெடுத்தால் புரியாத குறிகள்தான் வரும். தமிழ் தெரிந்த கணினி மாணவருக்கு இது சொந்த வயல். வெளியூர்க்காரர் வந்து நமக்காக உழமாட்டார்.

ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டம் 1963இலிருந்து இருக்கிறது. பழைய தாவரக் குறிப்புகளில் சேர்வராயன் மலை என்பது ஆங்கிலேயர் காதில் விழுந்தபடி வெவ்வேறு எழுத்துக்கூட்டில் வரும். அவற்றை இன்றைய வரைபடத்தோடு பொருத்துவதும் கெங்கவல்லிக் கதைதான், நூறாண்டு பழையது என்பதே வேறுபாடு.

பெரிய கணினிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. வானிலை, மருந்து மூலக்கூறு போன்ற கணக்குகள் மடிக்கணினியில் முடியாது. நமக்குப் பக்கத்தில் திருச்சி என்.ஐ.டி.யில் பரம் பொருள் என்ற மீக்கணினி 2022 மேயிலிருந்து இயங்குகிறது. 838 டெராஃப்ளாப், அதாவது நொடிக்கு 838 லட்சம் கோடிக் கணக்குகள். இப்படிப்பட்ட இயந்திரத்தில் ஒரு நிரலை ஆயிரம் துண்டாகப் பிரித்து ஓடவிடத் தெரிந்தவருக்கு நல்ல மதிப்பு உண்டு. ஆனால் தொடக்கக்காரர் அங்கிருந்து தொடங்க வேண்டியதில்லை.

என்ன படிப்பது, எங்கே வேலை

பைத்தான், ஆர் (R) என்ற நிரல் மொழிகளில் ஏதாவது ஒன்றை ஆழமாகக் கற்றுக்கொள்ளுங்கள். லினக்ஸ் கட்டளை வரி, கிட், தரவுத்தளத்தைக் கையாளக் கொஞ்சம் எஸ்.க்யூ.எல். இவற்றோடு கட்டாயமாகப் புள்ளியியல். கல்லூரியில் புள்ளியியலைத் தேர்வுக்கு மட்டும் படித்துவிட்டு மறந்துவிடுகிறோம், இந்தத் தொழிலில் அதுதான் அன்றாடச் சோறு. சாஃப்ட்வேர் கார்பென்ட்ரி என்ற தன்னார்வ அமைப்பு 1998இலிருந்து ஆய்வாளர்களுக்கென்றே அடிப்படைப் பாடங்களை நடத்திவருகிறது, பாடங்கள் எல்லாம் இலவசம். என்.பி.டெல். வகுப்புகளும் அப்படியே. இவற்றோடு எழுதத் தெரிய வேண்டும். நீங்கள் செய்ததை நிரல் தெரியாத ஒரு தாவரவியல் பேராசிரியருக்குப் புரியும்படி ஒரு பக்கத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத முடிகிறதா? இதை நான் நிரல் அறிவுக்குச் சமமாகவே வைப்பேன்.

வேலையைப் பற்றி ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஆய்வு மென்பொருள் பொறியாளர் என்ற பெயரில் நம் நாட்டில் விளம்பரம் தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். பெரும்பாலும் புராஜெக்ட் அசோசியேட், புராஜெக்ட் சயின்டிஸ்ட், டெக்னிக்கல் ஆபீசர் என்ற பெயர்களில்தான் இந்த வேலை ஒளிந்திருக்கிறது. ஐ.ஐ.டி.க்கள், பெங்களூரு ஐ.ஐ.எஸ்.சி., சி-டாக், சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வகங்கள், வேளாண் பல்கலைக்கழகங்கள் ஆகியவற்றின் அறிவிப்புகளை அந்தப் பெயர்களில் பார்த்துவர வேண்டும். புராஜெக்ட் பதவிகள் ஒப்பந்தப் பதவிகள், நிதி முடிந்தால் வேலையும் முடியும். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். தகுதி பெற்று ஆய்வு மாணவராகச் சேர்பவருக்கு உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. அனுபவமுள்ள ஐ.டி. ஊழியரின் சம்பளத்தோடு இதை ஒப்பிட முடியாது. வீட்டில் அப்பா அம்மாவிடம் பேசும்போது இதையும் சேர்த்தே சொல்லுங்கள். பிரிட்டன், ஜெர்மனி, நெதர்லாந்து போன்ற நாடுகளில் இதற்கு நிரந்தரப் பதவிகளும் சங்கங்களும் உண்டு, இங்கே இரண்டு மூன்று ஆண்டு நல்ல அனுபவம் இருந்தால் அங்கே விண்ணப்பிக்கலாம். நம் பல்கலைக்கழகங்களிலும் நிரந்தரப் பதவி வர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். கருவி வாங்க லட்சங்களை ஒதுக்கும் ஆய்வுத் திட்டம், அந்தக் கருவி தரும் தரவைப் படிக்கத் தெரிந்தவருக்கு ஒரு நிலையான நாற்காலி போடாமல் இருப்பது நியாயமில்லை.

தொடங்குவதற்குச் சேலத்தை விட்டுப் போக வேண்டியதில்லை. பெரியார் பல்கலைக்கழகத்திலும் நகரத்துக் கல்லூரிகளிலும் தாவரவியல், நிலவியல், பொருளியல், தமிழ்த் துறைகளில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் அக்கா, அண்ணன்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரிடம் போய், எனக்குப் பைத்தான் தெரியும் என்று ஆரம்பிக்காதீர்கள். உங்கள் கேள்வி என்ன, தரவு எப்படி வந்தது, எந்தக் கோப்பைத் திறந்தால் தலைவலி வருகிறது என்று கேளுங்கள். கோப்பின் ஒரு பகுதியை வாங்கி, பெயர்களைச் சீராக்கி, ஒரு படம் வரைந்து கொடுங்கள். நோயாளி விவரமோ தனிநபர் தொலைபேசி எண்ணோ இருந்தால் அவற்றை நீக்கிவிட்டுத் தரச் சொல்லுங்கள், உங்கள் மடிக்கணினிக்கு அவை வரவே கூடாது.

இன்னொன்று, வேலை தொடங்கும் முன்பே பேசிவிட வேண்டியது: கட்டுரையில் உங்கள் பெயர் எங்கே வரும்? ஆசிரியர் வரிசையிலா, நன்றி சொல்லும் இடத்திலா? பலரும் கூச்சத்தில் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். நிரலைப் பொதுவில் வைக்க அனுமதி கிடைத்தால் செனோடோ என்ற தளத்தில் ஏற்றுங்கள். செர்ன் ஆய்வு மையம் 2013இல் தொடங்கிய அந்தத் தளம் நிரலுக்கு நிலையான அடையாள எண் தரும், மற்றவர்கள் அந்த எண்ணைக் காட்டி உங்கள் நிரலை மேற்கோள் காட்டலாம். நிரல் கொஞ்சம் பெரிதாகி மற்றவர்களுக்கும் பயன்படும் நிலைக்கு வந்தால், 2016இலிருந்து வெளிவரும் திறமூல மென்பொருள் இதழ் ஒன்று நிரலையே மதிப்பிட்டுக் கட்டுரையாக வெளியிடுகிறது. கட்டணம் இல்லை. அடுத்த புராஜெக்ட் அசோசியேட் நேர்காணலுக்குப் போகும்போது மதிப்பெண் பட்டியலோடு அந்த எண்ணையும் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.